மோரோவா, லோக்ரியோவா? டொமினிக்கன் சாப்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டொமினிக்கன் குடியரசில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், அடுப்பில் இருப்பதில் முக்கால்வாசி நமக்குப் பழகிய பொருள்தான். அரிசி, பயறு, வாழைக்காய், மரவள்ளி, பூசணி, தேங்காய்ப்பால். தடுமாற வைப்பது பெயர்கள். அரிசியும் பயறும் தனித்தனியாக வெந்து தட்டில் சேர்ந்தால் ஒரு பெயர், ஒரே பானையில் வெந்தால் வேறு பெயர், பயறுக்குப் பதில் கறி விழுந்தால் இன்னொரு பெயர். சாதத்தில் சாம்பார் ஊற்றிக்கொள்வதும் சாம்பார் சாதமும் நமக்கு ஒன்றா? அதே கண்டிப்பு அவர்களுக்கும் உண்டு.

எனக்கு இது புரிந்தது நியூயார்க்கில். வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் டொமினிக்கன் மக்கள் அதிகம். நான் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு டொமினிக்கன் அம்மா இருந்தார். எல்லோருக்கும் அவர் 'தோஞா', அதாவது அம்மா மாதிரி ஒரு மரியாதைச் சொல். சமைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது அவர் கரண்டியை எடுக்கவில்லை. முதல் இரண்டு வாரம் பெயர் மட்டும்தான். பெயர் சரியாக வந்தால் பாதிச் சமையல் வந்துவிட்டது என்பது அவர் கட்சி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரீபியனில் டொமினிக்கா என்று ஒரு குட்டித் தீவு நாடு உண்டு. அங்கே ஆங்கிலம் பேசுவார்கள், சாப்பாடும் வேறு. நாம் பேசுவது ஹைட்டியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும், ஸ்பானிஷ் பேசும் டொமினிக்கன் குடியரசைப் பற்றி. தலைநகர் சாந்தோ தொமிங்கோ.

முதல் படி: காதைப் பழக்குங்கள்

ஸ்பானிஷில் 'ஹெச்' எழுத்து ஊமை. 'வி' எழுதியிருந்தால் 'பி' என்று காதில் விழும். இரட்டை 'எல்' வந்தால் 'ய'. அதனால்தான் கோழிக்குப் 'போயோ'. மேலே சுழி போட்ட 'என்' எழுத்துக்கு மற்றவர்கள் நாக்கைச் சுழற்றுவார்கள். நமக்கு 'ஞ' கையிலேயே இருக்கிறது.

இதெல்லாம் புத்தக ஸ்பானிஷ். டொமினிக்கன் வாயில் சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். காலைச் சாப்பாடு ஒன்றுக்கு 'லோஸ் த்ரெஸ் கொல்பெஸ்' என்று பலகையில் இருப்பது வாயில் 'லோ த்ரே கொல்பே' ஆகும். வடக்கே சிபாவோ பள்ளத்தாக்கில் 'ர்', 'ல்' இரண்டும் 'இ'யாகக் குழையும். கறிக்கு உள்ள 'கார்னே' அங்கே 'காய்னே'. இதைக் கேலி செய்து அங்கே நகைச்சுவை நிறைய உண்டு. நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் வைத்து நாம் செய்யாததா?

கூடவே ஒரு சொல்: 'சின்'. 'உன் சின்' என்றால் கொஞ்சூண்டு. நம் 'சின்ன'வுக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஆனால் மறக்காது. எதைக் கேட்டாலும் முன்னால் இதைச் சேர்த்துக்கொண்டால் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிடுவீர்கள்.

இரண்டாம் படி: வாழையைப் பிரித்தறியுங்கள்

இங்கே கோட்டைவிட்டால் எல்லாமே தப்பாகும். 'பிளாத்தனோ' என்பது சமைக்கிற பெரிய வாழை. நம் நேந்திரன் அதே இனம். மங்கூவோ தொஸ்தோனோ செய்ய நேந்திரங்காயைத்தான் எடுக்க வேண்டும். 'கினேயோ' என்பது உரித்துச் சாப்பிடுகிற சாதாரண வாழை. அதையே பிஞ்சாகப் பறித்து அவித்தால் 'கினேயீத்தோ'. 'ருலோ' என்று கட்டையாக, பட்டை பட்டையாக ஒன்று வரும். நம் மொந்தனுக்குப் பக்கத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். 'மதூரோ' என்றால் பழுத்த பிளாத்தனோ. தோல் கறுத்திருக்க வேண்டும். நம் ஆட்கள் அழுகிவிட்டது என்று தூக்கிப் போடும் நேரத்தில்தான் அது அவர்களுக்குப் பக்குவம்.

பச்சைப் பிளாத்தனோவை விரல்கடை கனத்துக்கு வெட்டிப் பொரித்து, எடுத்து நசுக்கி, மறுபடி பொரித்தால் 'தொஸ்தோன்'. வீடுகளில் 'ஃப்ரீத்தோ வெர்தே' என்றும் சொல்வார்கள். பொரித்த பச்சைப் பிளாத்தனோவை மர உரலில் பூண்டும் பன்றித்தோல் வறுவலும் சேர்த்து இடித்தால் 'மொஃபோங்கோ'. அவித்து மசித்தால் 'மங்கூ'. ஒரே காய்தான், கைப்பக்குவத்துக்கு ஒரு பெயர்.

இந்த வாழை அந்தத் தீவின் சொந்தக் காய் இல்லை. 1516இல் தொமாஸ் தெ பெர்லாங்கா என்ற பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஐந்நூறு வருஷத்தில் அது எவ்வளவு ஊறிவிட்டதென்றால், வெளிநாட்டிலிருந்து வந்து டொமினிக்கனாகவே மாறிப்போன ஆளை 'அப்லதனாதோ' என்பார்கள். வாழையாகிப் போனவர் என்று பொருள்.

மூன்றாம் படி: சந்தைச் சொற்கள்

கிழங்கும் பச்சை வாழையும் சேர்ந்த கூட்டத்துக்குப் பொதுப்பெயர் 'பீபெரெஸ்'. யூக்கா என்பது மரவள்ளி, பத்தாத்தா சர்க்கரைவள்ளி, ஞாமே பெருவள்ளி, யவுத்தியா சேம்பு வகையறா. அவுயாமா பூசணி. தயோத்தா என்று பச்சையாகச் சுருங்கிய முகத்தோடு இருப்பது நம் சௌசௌ. மொலொந்திரோன் என்று இடி இடிப்பது போல ஒரு பெயர் கேட்டு நான் பயந்தேன், வெண்டைக்காய். பழக்கடையில் லெச்சோசா பப்பாளி, நீஸ்பெரோ சப்போட்டா, சினோலா தாட்பூட் பழம். 'சீனா' என்றால் ஆரஞ்சு. மாங்கோவுக்கு விளக்கம் வேண்டாம்: மாங்காய், மாங்ஙா என்று தமிழிலும் மலையாளத்திலும் இருந்த சொல் போர்த்துக்கீசியர் வழியாக உலகம் சுற்றியது.

துவரை பற்றிச் சொல்லாமல் முடியாது. 'குவாந்துலேஸ்' என்று அவர்கள் சொல்வது பச்சைத் துவரையை. இந்தியாவில் பயிராகப் பழக்கப்பட்டு, ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியன் சேர்ந்த பயறு அது. பெயரையும் ஆப்பிரிக்கக் காங்கோ மொழியோடு இணைக்கிறார்கள். நாம் உடைத்துப் பருப்பாக்குகிறோம். அவர்கள் உடைப்பதே இல்லை.

யூக்காவிடம் கொஞ்சம் நிற்கலாம். ஸ்பானியர் வருமுன் தீவில் வாழ்ந்த தைனோ மக்களின் சோறு அதுதான். கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. துருவி, பிழிந்து சாற்றை நீக்கி, மாவை உலர்த்திச் சலித்து, 'புரேன்' என்கிற பெரிய தட்டைக்கல்லில் வட்டமாகப் பரப்பிச் சுட்டால் 'கசாபே'. பார்க்க அப்பளம், கடித்தால் மரத்தூள் என்று முதல் நாள் தோன்றும். பூண்டு வெண்ணெய் தடவியோ கறிக்குழம்பில் நனைத்தோ சாப்பிட்டால் அபிப்பிராயம் மாறும். மாதக்கணக்கில் கெடாது என்பதால் ஸ்பானியக் கப்பல்களுக்கே இது கட்டுச்சாதமாக இருந்தது. 2024இல் யுனெஸ்கோ இந்தக் கசாபே மரபைக் கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹைட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் பொதுவாகத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உள்நாட்டில் கசாபேக்குப் பேர்போன ஊர் மொன்சியோன்.

நான்காம் படி: அரிசியின் பெயர்கள்

வெள்ளைச் சோறு 'அர்ரோஸ் பிளாங்கோ'. பயறையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்தால் 'மோரோ'. நம் மோருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. துவரையில் செய்தால் மோரோ தெ குவாந்துலேஸ்; சமானா பக்கம் அதில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். என்னைக் கேட்டால் தீவின் மிகச் சிறந்த சோறு அதுதான்.

கறி, மீன், சலாமி (பதப்படுத்திய தொத்திறைச்சி) எதையாவது தாளித்து அதன் மேல் அரிசியைக் கொட்டி வேகவைத்தால் 'லோக்ரியோ'. பிரியாணி என்று நினைத்துப் போகாதீர்கள், மசாலா கிடையாது. தக்காளியும் ஓரிகானோவும்தான் வாசனை. குழைய, சூப்பு மாதிரி விட்டால் 'அசோபாவ்'. சீனக் குடியேறிகள் வழி வந்த வறுத்த சோறு 'சோஃபான்'.

ஆக, கடையில் 'அர்ரோஸ் கொன் அபிச்சுவேலாஸ்' கேட்டால் வெள்ளைச் சோறும் தனிக் கிண்ணத்தில் பயறுக் குழம்பும் வரும். ஒன்றாக வெந்தது வேண்டுமென்றால் மோரோ என்று சொல்ல வேண்டும். நான் ஒருமுறை இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டு வந்தேன். தோஞாவிடம் சொன்னபோது, "உனக்கு வேண்டியது இது, நீ கேட்டது அது. அவர்கள் மேல் என்ன தப்பு?" என்று கேட்டார்.

பானையின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் சோற்றுக்குப் பெயர் 'கொன்கோன்'. நம் காந்தல்தான். ஆனால் நம் வீட்டில் காந்தல் தவறிப் போவது, அங்கே அது வேண்டுமென்றே செய்வது. விருந்தாளிக்குத் தட்டில் தனியாகச் சுரண்டி வைப்பார்கள். அது வராத பானைக்கு மதிப்பில்லை.

ஐந்தாம் படி: லா பந்தேராவை வீட்டில் சமைப்பது

'பந்தேரா' என்றால் கொடி. சோறு, சிவப்புப் பயறுக் குழம்பு, கறி மூன்றும் சேர்ந்த மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். நாட்டுக்கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலம் உண்டு. தட்டில் நீலம் எங்கே என்று கேட்காதீர்கள், கறி அந்த இடத்தை நிரப்புவதாகக் கணக்கு. நான்கு பேருக்குச் சொல்கிறேன்.

முந்தின இரவு ஒரு கப் சிவப்பு ராஜ்மாவை ஊறவையுங்கள். காலையில் புதுத் தண்ணீரில், விரலால் அழுத்தினால் மாவாகும் வரை குக்கரில் வேகவிடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், குழம்பே அதுதான். வேறு பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய், பொடியாக நறுக்கிய வெங்காயம், நான்கு பல் பூண்டு, அரைக் குடமிளகாய், கை நிறைய கொத்தமல்லி, அரை டீஸ்பூன் ஓரிகானோ, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது. வதங்கியதும் பூசணித் துண்டு நாலைந்து, பயறு, வெந்த தண்ணீர், உப்பு. இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். பூசணி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். போதாவிட்டால் கொஞ்சம் பயறை மசித்துவிடுங்கள். ஓரிகானோவுக்கு பீட்சாவோடு வரும் பொட்டலம் போதும். அதுவும் இல்லையா, கற்பூரவள்ளி இலை ஒன்று. வாசம் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் போகும்.

கை பச்சைமிளகாயை நோக்கிப் போகும். போக விடாதீர்கள். டொமினிக்கன் சமையலில் 'அஹீ' என்பது பெரும்பாலும் காரமில்லாத மிளகாய். காரம் வேண்டுபவர்களுக்குக் கசப்பு ஆரஞ்சுச் சாற்றில் மிளகாய் ஊறவைத்த புட்டி மேசையில் இருக்கும். அந்தப் புளிப்புக் காரத்தை மேலே தெளித்துச் சாப்பிடலாம்.

அடுத்து 'போயோ கிசாதோ', கோழிக் குழம்பு. ஒரு கிலோ கோழியை எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஓரிகானோ, உப்பு, நறுக்கிய வெங்காயத்தோடு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இப்போது சூட்சுமம். கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போடுங்கள். ஆமாம், சர்க்கரைதான். அது உருகி, தேன் நிறமாகி, காப்பி நிறத்துக்குப் போகிற அந்த நொடியில் கோழியை மட்டும் எடுத்துப் போட வேண்டும். இனிப்புக்காக அல்ல, குழம்புக்கு அந்தக் கரும்பழுப்பு நிறமும் ஆழமும் அதிலிருந்துதான் வருகின்றன. முதல் தடவை நான் செல்போனை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது எண்ணெயில் கரி மிதந்தது, கசப்பு கடைசி வாய் வரை போகவில்லை. சர்க்கரை கறுத்துப் புகைந்துவிட்டால் இரக்கமில்லாமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கோழி எல்லாப் பக்கமும் சிவந்ததும் மூடி, ஒட்டுகிற நேரத்தில் இரண்டு கரண்டி தண்ணீர் விடுங்கள். மொத்தமாகக் கொட்டக் கூடாது. வற்றவிட்டு, தெளித்து, வற்றவிட்டு. பத்து நிமிடம் கழித்து ஊறவைத்த வெங்காயம், குடமிளகாய், ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, அரை கப் தண்ணீர். கோழி வெந்து குழம்பு கரண்டியில் ஒட்டினால் இறக்கலாம்.

சோற்றுக்கு அவர்கள் வைத்திருப்பது 'கல்தேரோ', வார்ப்பு அலுமினியப் பானை. அடிகனமான எதுவும் சரி. நான்ஸ்டிக் மட்டும் வேண்டாம், கொன்கோன் ஒழுங்காகப் பிடிக்காது. மூன்று கப் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் போட்டுக் கொதித்ததும் இரண்டு கப் கழுவிய பச்சரிசி. பாஸ்மதியைத் தவிர்த்துவிடுங்கள், அதன் வாசனை குழம்போடு சண்டை போடும். அடிக்கடி கிளறி, மேலே தண்ணீர் தெரியாமல் வற்றியதும் தீயைக் குறைத்து இறுக்கமாக மூடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து அடிச்சோறு மேலே வர ஒருமுறை புரட்டி, ஓரமாக ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு இன்னும் பத்து நிமிடம். காதை அருகில் வைத்தால் அடியில் சின்னதாகப் படபடவென்று கேட்கும். தோஞா மூடியைத் திறந்தே பார்க்க மாட்டார், அந்தச் சத்தத்தையும் மூக்கையும் நம்பி அணைப்பார். சோற்றை எடுத்த பிறகு உலோகக் கரண்டியை அடியில் செருகித் தூக்கினால் கொன்கோன் பாளம் பாளமாக வர வேண்டும். அதன் மேல் பயறுக் குழம்பை ஊற்றிப் பாருங்கள்.

பக்கத்தில் முட்டைக்கோஸ் தக்காளி சாலட், ஒரு துண்டு அவகாடோ, நாலு தொஸ்தோன். இது பகல் சாப்பாடு. ராத்திரிக்கு இவ்வளவு கனமாக யாரும் கேட்பதில்லை.

ஆறாம் படி: மங்கூவும் மூன்று அடிகளும்

காலையில் மங்கூ. அதோடு வறுத்த சலாமி, பொரித்த பாலாடைக்கட்டி, பொரித்த முட்டை மூன்றும் சேர்ந்தால் அதுதான் 'லோஸ் த்ரெஸ் கொல்பெஸ்', மூன்று அடிகள். 1916 முதல் 1924 வரை அமெரிக்கப் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் ஒரு சிப்பாய் இதைச் சாப்பிட்டுவிட்டு 'மேன், குட்' என்றதால் மங்கூ ஆயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. கிழங்கையும் வாழையையும் அவித்து மசிப்பது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பழக்கம். பெயரும் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான்கு நேந்திரங்காயை உரித்து (கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை போகாது) உப்புத் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூடாக இருக்கும்போதே இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயோடு மசியுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒரு கப் வரை. தளர்வாக, இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். ஆற ஆற இறுகும். சரியான பதம் என்று நினைத்து நான் எடுத்துவைத்தது பத்து நிமிடத்தில் சுவர் பூசலாம் போல ஆகிவிட்டது. மேலே சிவப்பு வெங்காய வளையங்களை எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி வினிகர் தெளித்துப் போட வேண்டும். இது இல்லாத மங்கூ தாளிக்காத உப்புமா.

சலாமி சாப்பிடாதவர்கள் முட்டை, சீஸோடு நிறுத்திக்கொள்ளலாம். சீஸுக்குப் பனீர் சுமாராக ஒத்துவரும், உப்பு தடவி வறுத்தால்.

ஏழாம் படி: தெருவில்

மூலைக்கடைக்கு 'கொல்மாதோ' என்று பெயர். அரிசி, எண்ணெய், பீர், ஒரே ஒரு பூண்டு, எதுவும் கிடைக்கும். 'ஃபியாவ்' என்றால் கடன். 'ஞாப்பா' என்றால் கொசுறு. இந்த மூன்று சொல்லும் தெரிந்தால் அண்ணாச்சி கடையில் நிற்கிற உணர்வு வந்துவிடும்.

தெருவோர வண்டியில் 'சிமி' என்பது கோஸ் வதக்கலும் சாஸும் வழிகிற பர்கர். முழுப்பெயர் சிமிசுர்ரி; அர்ஜென்டினாவின் பச்சை சாஸை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 'பீக்கா போயோ' பொரித்த கோழி. 'கீப்பே' என்கிற கோதுமைக் கறி உருண்டை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வந்த அரபுக் குடியேறிகளின் கிப்பே. போகா சிக்கா கடற்கரையில் வட்டமாக, மொறுமொறுவென்று விற்கும் 'யானிகேக்கே', ஆங்கில ஜானிகேக். கரும்புத் தோட்ட வேலைக்கு ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து வந்த கொகோலோ மக்கள் விட்டுச் சென்றது.

மழை பெய்தால், ஆள் கூடினால், 'சன்கோச்சோ'. பீபெரெஸ் எல்லாவற்றையும் கறியோடு போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவிட்ட குழம்பு. ஏழு வகைக் கறி போட்டுப் பெருமைக்குச் செய்வதும் உண்டு. குடிக்க 'மொரிர் சொஞாந்தோ', கனவு கண்டபடி சாவது என்று பொருள். பாலும் ஆரஞ்சுச் சாறும்தான். இரண்டும் பனிக்குளிராக இருக்க வேண்டும், பாலில் சாற்றை மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும், கனவும் கலையும்.

எட்டாம் படி: தவக்காலத்துப் பாயசம்

ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் வீடு வீடாக 'அபிச்சுவேலாஸ் கொன் துல்சே' கொதிக்கும். பெயரை மொழிபெயர்த்தால் இனிப்புப் பயறு. சிவப்புப் பயறை வேகவைத்து அரைத்து வடிகட்டி, தேங்காய்ப்பால், கெட்டிப்பால், சர்க்கரை, பட்டை, கிராம்பு, சிட்டிகை உப்பு, சர்க்கரைவள்ளித் துண்டுகள், உலர்திராட்சை சேர்த்து, கரண்டியின் பின்புறம் ஒட்டுகிற பதம் வரை கிளறுவார்கள். மேலே சிறிய பால் பிஸ்கட்டோ கசாபேத் துண்டோ மிதக்கும். சூடாகவும் சாப்பிடலாம், மறுநாள் குளிர்ந்தபின் சாப்பிடுவது எனக்குப் பிடிக்கும். பயறில் பாயசமா என்று மற்ற நாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

பெரிய பானையில் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கம். தோஞாவும் ஒரு கிண்ணம் அனுப்பினார். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பாசிப்பருப்புப் பாயசம் வைத்து நிரப்பிக் கொண்டுபோனேன். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். பிறகு கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சரி, இதற்கு என்ன பெயர்? சரியாகச் சொல்."